டி.பி.எஸ். கருவி தானாக இயங்கத் தொடங்கும்வரை: அப்பாவுக்காக நாங்கள் அலைந்தது

மூளைக்குள் மின்முனைகளைப் பொருத்தி மின்தூண்டல் கொடுக்கும் டி.பி.எஸ். (டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன்) சிகிச்சைக்குத் தயாராகும் பார்கின்சன்ஸ் நோயாளிகளின் குடும்பத்தினர், மண்டையில் துளையிடும் அந்த ஒரு நாளை நினைத்துத்தான் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். எங்களுக்கு அந்த நாள் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. அதற்கு முன்பு நடந்த பரிசோதனையும் காப்பீடும், அதற்குப் பின்பு கருவியைத் தானியங்கி முறைக்குக் கொண்டுவந்ததும்தான் எங்களை அலைக்கழித்தன. இதே வழியில் வரப்போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் பாதியாவது குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடக்கத்தில், மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை ஒன்று அப்பாவுக்கு அரை நாள் தாங்கியது. போகப்போக இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது கைகால்கள் கட்டுக்கடங்காமல் ஆடும். இறங்கிவிட்டால் நாற்காலியை விட்டு எழ முடியாது. உடலியக்கத்தைச் சீராக வைக்கும் டோபமினைச் சுரக்கும் செல்கள் குறையக் குறைய, மாத்திரையிலிருந்து கிடைப்பதைச் சேர்த்து வைத்துச் சீராக வெளிவிட மூளையால் முடிவதில்லை என்று நரம்பியல் மருத்துவர் விளக்கினார். சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரைப் போல டோபமினை நேரடியாக அளந்து காட்டும் கருவி நோயாளிகளின் பயன்பாட்டுக்கு இன்னும் வரவில்லை. புதிய டி.பி.எஸ். கருவிகள் சுற்றுவழியில் அந்த வேலையைச் செய்கின்றன. டோபமின் குறையும்போது, மூளையின் ஆழத்தில் உள்ள சப்தலாமிக் நியூக்ளியஸ் என்னும் பகுதியில், நொடிக்கு 13 முதல் 30 வரை துடிக்கும் பீட்டா அலைகள் வலுக்கின்றன. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் அவை தணிகின்றன. சிகிச்சைக்காகப் பொருத்திய அதே மின்முனைகள் வழியாகக் கருவி இந்த அலைகளைப் படித்து, அவை வலுக்கும்போது மின்தூண்டலைக் கூட்டி, தணியும்போது குறைக்கிறது. பழைய முறையில், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு மின்தூண்டல் இரவும் பகலும் போய்க்கொண்டிருக்கும். தானாகக் கூட்டிக் குறைக்கும் முறைக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 பிப்ரவரியில்தான் ஒப்புதல் அளித்தது என்பதால், எல்லா மருத்துவமனைகளிலும் இதில் பழகிய கைகள் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதல் அடி லெவோடோபா பரிசோதனையில் விழுந்தது. ஏறக்குறைய 12 மணி நேரம் மாத்திரை இல்லாமல் இருக்கச் செய்து உடலியக்கத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். பிறகு மாத்திரை கொடுத்து மீண்டும் மதிப்பெண் போடுவார்கள். குறைந்தது 30 விழுக்காடாவது முன்னேற்றம் தெரிந்தால்தான் பொதுவாக அறுவை சிகிச்சைக்கு ஏற்றவர் என்று முடிவு செய்வார்கள். அதற்காகக் கும்பகோணத்திலிருந்து வந்து முந்தைய நாள் மாலையே அட்மிஷன் போட்டோம். இரவு முழுவதும் புரண்டுகூடப் படுக்க முடியாமல் அப்பா பொறுத்துக்கொண்டார். விடியற்காலையில் பில்லிங் கவுண்டரிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அந்த இடைவெளியில் ஷிஃப்ட் மாறி வந்த செவிலியர், சிறு பிளாஸ்டிக் மூடியில் ஆறு மணி மாத்திரையைக் கொண்டுவந்து, “அய்யா, வாயத் திறங்க” என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். மருத்துவர் வந்து பார்த்தபோது அப்பா எழுந்து நடந்துகொண்டிருந்தார். பரிசோதனை ரத்தாயிற்று, அறை வாடகை மட்டும் ரத்தாகவில்லை. மாத்திரையை நிறுத்தி வைக்கும்படி மருத்துவர் வாயால் சொன்னது கேஸ் ஷீட்டில் ஏறவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, எந்த மாத்திரையை எப்போதிலிருந்து நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவர் கையாலேயே கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை இன்னும் முன்னதாகவே நிறுத்த வேண்டியிருக்கலாம்; அதைத் தனியாகக் கேளுங்கள். அடுத்த முறை, “காலை மாத்திரை தரக் கூடாது” என்று பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினோம். பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. ஆனால் வீட்டில் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திப் பார்க்கவே கூடாது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது காப்பீடு. மருத்துவமனையின் இன்சூரன்ஸ் மேசையில் இருந்தவர், கோப்பைப் பிரிக்காமலேயே, “இந்த மெஷினுக்கெல்லாம் கிளெய்ம் வராதுங்க, கையிலேர்ந்து கட்டிடுங்க” என்றார். வற்புறுத்தி, சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் கேட்கும் ப்ரீ-ஆத் விண்ணப்பத்தை அனுப்ப வைத்தோம். இது சோதனை நிலையில் உள்ள சிகிச்சை என்று ஒரே வரியில் மறுத்து பதில் வந்தது. அது முற்றிலும் தவறு. பிரான்சின் கிரெனோபிளில் மருத்துவர் பெனாபிட் 1987-இலேயே இந்த முறையைத் தொடங்கிவிட்டார். பார்கின்சன்ஸ் நோய்க்கு எஃப்.டி.ஏ. 2002-இல் ஒப்புதல் அளித்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாத 12 நவீன சிகிச்சைகளில் ஒன்றாக டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளது. மறுப்பை எழுத்தில் வாங்கி, எந்த விதியின் கீழ் மறுக்கிறீர்கள் என்று கேட்டு, வழிகாட்டுதலின் அந்தப் பக்கத்தையும் இணைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினோம். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்துக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கும் போவோம் என்பதையும் அதிலேயே எழுதியிருந்தோம். ஒப்புதல் வந்தது. மேசைக்காரரிடம் அந்தத் தாளைக் கொடுத்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லி முடியாது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்: இந்தச் சிகிச்சைகளுக்கு உச்சவரம்பு வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. எங்கள் பாலிசியில் அது மொத்தக் காப்பீட்டுத் தொகையில் பாதி. மீதியைக் கைப்பணத்தில்தான் கட்டினோம்.

அறுவை சிகிச்சைக்கு முன்பு, காத்திருப்புக் கூடத்தில் அறிமுகமான ஓர் அக்கா, கருவியின் பேட்டரியை எந்தப் பக்க நெஞ்சில் வைக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார். அவர் கணவருக்கு இடப்பக்கம் வைத்ததில், இதயத்துடிப்பின் மின்னலைகள் கலந்து, மூளையின் அலையைப் பிரித்துப் படிக்கச் சிரமப்பட்டார்களாம். எங்கள் மருத்துவரிடம் கேட்டபோது, அலைகளைப் படிக்கும் வகைக் கருவிக்கு வலப்பக்கம்தான் நல்லது என்று அவரும் ஒப்புக்கொண்டார். நாங்கள் கேட்காமல் இருந்தால் யாரும் இதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கருவியை முடுக்கும் நாளில் இன்னொரு வீண் பயணம். மருத்துவர் இருந்தார், அப்பா இருந்தார், ஆனால் புரோகிராமிங் டேப்லெட்டோடு வர வேண்டிய கம்பெனி ஊழியர் வேறொரு ஊரில் இருந்தார். அப்பாயின்ட்மென்ட் கொடுத்தவர் அவருக்குச் சொல்லவே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் வண்டி ஏறுவதற்கு முன்பு இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

அடுத்த வருகையில் அந்தத் திரையைப் பார்த்தேன். மாத்திரை இல்லாத நிலையில், பீட்டா அலையின் கோட்டில், நொடிக்கு 20 துடிப்புக்கு அருகே ஒரு மேடு எழும்பி நின்றது. மாத்திரை கொடுத்துச் சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது, மேடு கரைந்து ஏறக்குறைய சமதளமாகியிருந்தது. அப்பாவின் கை நடுக்கமும் அதற்குள் நின்றிருந்தது. பல வருடங்களாக நாங்கள் ஊகித்துக்கொண்டே இருந்த ஒன்றைக் கண்ணால் பார்த்த நேரம் அது.

ஆனால் தானியங்கி என்றால் பொத்தானை அழுத்தியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். மின்தூண்டலின் கீழெல்லையையும் மேலெல்லையையும், எந்த அளவு அலைக்குக் கூட்ட வேண்டும் என்பதையும் மருத்துவர்தான் வகுத்துக் கொடுக்க வேண்டும். முதலில் வைத்த அளவில் பகல் நன்றாக இருந்தது. இரவில் மட்டும் அப்பாவால் புரள முடியவில்லை. அம்மா ஒரு கோடு போட்ட நோட்டில், மாத்திரை நேரம், சாப்பாடு, விறைப்பு, தூக்கம் எல்லாவற்றையும் மணி வாரியாக எழுதி வைத்திருந்தார். டியூட்டி மருத்துவர் அதை வாங்கக்கூட இல்லை. எல்லாம் கருவியிலேயே பதிவாகிறது என்றார். மூத்த மருத்துவர் நோட்டையும் கருவியின் பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஆழ்ந்த உறக்கத்தில் பீட்டா அலைகள் இயல்பாகவே தணியும். அதைக் கண்டு கருவி மின்தூண்டலைக் கீழெல்லைக்கு இறக்கிவிட, அந்த அளவு அப்பாவுக்குப் போதவில்லை. கீழெல்லையைச் சற்று உயர்த்தினார். அன்று இரவே அப்பா தானாகப் புரண்டு படுத்தார். அம்மாவின் நோட்டு இல்லாவிட்டால் இது எப்போது பிடிபட்டிருக்குமோ தெரியாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தோள் வலிக்காக எங்கள் ஊர் பிசியோதெரபி நிலையத்துக்குப் போனபோது, அங்கிருந்த தம்பி வழக்கம்போல, மின்காந்த அலைகளால் உடலுக்குள் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயதெர்மி இயந்திரத்தின் தட்டுகளை அப்பாவின் தோளருகே நகர்த்தினார். அம்மா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். டி.பி.எஸ். வைத்தவர்களுக்கு டயதெர்மி அறவே கூடாது. மின்முனைகள் சூடேறி மூளைத் திசுவே கருகிவிடக்கூடும். எம்.ஆர்.ஐ. எடுப்பதாக இருந்தாலும், கருவியின் மாடலைச் சரிபார்த்து, அதற்குரிய நிலைக்கு மாற்றிய பிறகே எடுக்க வேண்டும். இப்போது கருவி அட்டையின் நகல் ஒன்று அந்த நிலையத்தின் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும், இன்னொன்று எங்கள் குடும்ப மருத்துவரிடமும், மூன்றாவது அப்பாவின் சட்டைப் பையிலும் இருக்கின்றன.