பரவைக்கடலில் பறவை பார்ப்பது: இஞ்சினை எங்கே அணைப்பது?

யாழ்ப்பாணப் பரவைக்கடலில் (கடல்நீரேரியில்) பறவை பார்க்கக் கமராவுக்கு முன் தேட வேண்டியது, மரக்கோல் தாங்க, அதாவது கோலைத் தரையில் ஊன்றிப் படகைத் தள்ளத் தெரிந்த படகுக்காரரை. மண்டைதீவு, அராலிப் பக்கங்களில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுகூட இராது. இஞ்சின் பாதி வழிக்குத்தான்.

வலசைப் பறவைகள் ஐப்பசிக்குள் வரத் தொடங்கிவிடும். ஆனால் கார்த்திகை, மார்கழி மழையில் பரவை நிரம்பினால் பூநாரைக்கு நின்று மேய ஆழம் கூடிவிடும். தை பிறந்து தண்ணீர் வற்றத் தொடங்கியதிலிருந்து பங்குனி வரை பார்க்கலாம். யாழ் நகரோரத்துப் பண்ணைக் கரையிலிருந்து விடிந்தவுடன் புறப்பட்டால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், நிறம் பிடிபடும். வெயில் ஏற ஏற வாடை எழும்பிப் படகு ஆடும். தொலைநோக்கி 8×42 போதும். பத்து மடங்குக்காரர் கையாட்டத்தையும் பத்து மடங்காகத்தான் பார்ப்பார்.

மீன்பிடிக்க நட்ட சிறகுவலைக் கம்புகளில் ஆலாவும் நீர்க்காகமும் குந்தியிருக்கும். ஆசையில் கிட்டப் போய் வலைக்குக் குறுக்கே விட்டால் இஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். வலைக்காரரின் அன்றைய பிழைப்பும் போகும். சாதாளை என்ற கடற்புல் இன்னொரு தொல்லை. அது தண்ணீர் இழுக்கும் வாயை அடைத்தால் இஞ்சின் சூடாகும். பின்னால் பீச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே அணைத்து, இஞ்சினைத் தூக்கிச் சாதாளையைப் பிடுங்க வேண்டும்.

பூநாரைக் கூட்டம் தெரிந்தால் முந்நூறு மீற்றருக்கு முன்பே இஞ்சினை அணைத்துவிட்டு மரக்கோலால் தாங்கிப் போங்கள். அவை காற்றை எதிர்த்து ஓடித்தான் எழும்பும். அந்தப் பக்கத்தைப் படகால் மறிக்காமல் பக்கவாட்டில் சரிந்து போக வேண்டும். மேயும் பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலால் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். நாலைந்து கழுத்துகள் நிமிர்ந்தால் அங்கேயே நில்லுங்கள். எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள், அடுத்தது ஓட்டம்தான். படத்துக்காகப் பறக்க வைப்பவர்களைப் படகில் ஏற்றாமல் விடுவதே நல்லது. இடையில் நரைநிறமாய் நிற்பவை வேறு இனமல்ல, இளசுகள்.

வற்று நேரத்தில் படகு தரைதட்டினால் இறங்கித் தள்ள வேண்டிவரும். ஊரி (சிப்பி ஓடு) வெட்டும், பழைய சப்பாத்துப் போடுங்கள். காலைத் தூக்கி வைக்காமல் சேற்றில் இழுத்து இழுத்து நடந்தால் கிடக்கும் திருக்கை விலகிப்போகும். மிதித்தால் வால்முள் ஏறும்.

பறவை பார்க்கச் சுண்டிக்குளப் பக்கம் போவதானால், அது 2015இலிருந்து தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்திடம் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தொலைநோக்கிக் கண்ணாடியில் உப்புத்தண்ணி தெறித்தால் சட்டைத் தலைப்பால் துடைக்காதீர்கள், உப்பு கீறும். நல்லதண்ணியில் நனைத்த துணியால் ஒற்றிவிட்டுத் துடையுங்கள்.