வெள்ள வரைபடத்தில் நீலம் முடியும் இடம்

வெள்ள அபாய வரைபடம் போடும் வேலையில் இருப்பதாகச் சொன்னால், துறைக்காரர்கள் உடனே கேட்பது "எந்த மென்பொருள்?" என்பதைத்தான். நான் ஒரு மாடலை, அதாவது வெள்ளம் பரவுவதைக் கணினியில் கணக்கிடும் அமைப்பைப் பார்த்ததும் முதலில் கேட்பது, தரைமட்டத் தரவு எங்கிருந்து வந்தது என்று.

மென்பொருள்கள் இன்று உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. பெய்த மழையில் எவ்வளவு ஆற்றுக்கு வரும் என்று கணக்கிட ஹெக்-எச்எம்எஸ், வந்த நீர் ஆற்றிலும் கரை தாண்டியும் எப்படிப் பரவும் என்று பார்க்க ஹெக்-ராஸ். இரண்டையும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் மையம் இலவசமாகவே தருகிறது. ஹெக்-ராஸின் 5.0 பதிப்பு 2016-இல் இரு பரிமாணக் கணக்கீட்டோடு வந்தது எங்கள் வேலையையே மாற்றியது. அதற்கு முன் ஆற்றின் குறுக்குவெட்டுகளை வரைந்து, கரை தாண்டிய நீர் எந்தப் பக்கம் போகும் என்று நாமே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும். இப்போது நீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறது.

ஆனால் நாம் கொடுத்த தரையில்தான் தேடும். இலவசத் தரவில் பலரும் முதலில் எடுப்பது எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளந்தது. அடர்ந்த மரங்கள் இருக்கும் இடத்தில் ரேடார் தரை வரை இறங்கவில்லை. அதனால் தோப்பு மேடாகவும், நெருக்கமான கட்டடங்கள் திட்டாகவும் பதிவாகியிருக்கும். உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். மலைச்சரிவில் அது பெரிய விஷயமில்லை. சமவெளியில் ஒரு மீட்டர் வித்தியாசத்தில் ஒரு குடியிருப்பே வரைபடத்தில் வெள்ளத்தைக் காட்டும் நீலத்துக்குள் போகும், இல்லை வெளியே வரும். விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளக்கும் லைடாரில் இந்தப் பிழை பெரும்பாலும் 10 முதல் 20 செ.மீ.க்குள் அடங்கிவிடும். பணம் ஒதுக்கச் சொல்லும் இடத்தில் உட்காரும்போதெல்லாம் நான் விடாமல் கேட்பது லைடார் அளவையைத்தான், விலை உயர்ந்த மென்பொருளை அல்ல.

தரவு நன்றாக இருந்தாலும் கண்ணை எடுக்க முடியாது. ஒரு வெள்ளத் தடுப்புக் கரையை எடுத்துக்கொள்வோம். கரையின் மேல் அகலம் 4 மீட்டர், மாடல் நிலத்தைப் பிரித்துக் கணக்கிடும் கட்டம் 50 மீட்டர். கட்டத்துக்குள் இருக்கும் மேடு பள்ளத்தை ஹெக்-ராஸ் கணக்கில் எடுக்கும். ஆனால் நீர் அடுத்த கட்டத்துக்குப் போகலாமா கூடாதா என்பதை முடிவு செய்வது கட்டத்தின் விளிம்பில் உள்ள உயரங்கள். கட்டத்துக்குள் நீர்மட்டம் ஒன்றே ஒன்று. ஆக, கரை கட்டத்தின் நடுவே ஓடினால் என்ன ஆகும்? கரை உடையாது, வழியாது, ஆனாலும் மறுபுறம் நீலம் முளைத்திருக்கும். கரை உச்சியின் மேல் ஒரு பிரேக்லைன், அதாவது கட்டங்களைப் பிரிக்கும் கோடு, வரைந்தால் போதும், கட்ட விளிம்புகள் அதன் மேல் வந்து உட்கார்ந்துவிடும். சில நிமிட வேலைதான். அதைச் செய்யாத மாடல் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் ஓடி முடிந்து, அழகான வரைபடத்தைக் கொடுக்கும் என்பதுதான் பயப்பட வேண்டிய இடம்.

பாலத்தில் நேர் எதிரான சிக்கல். மேலிருந்து அளந்த தரவில் பாலத்தின் தளம் ஆற்றின் குறுக்கே நிற்கும் சுவராக இருக்கும். மாடலில் பாலம் அணையாகிவிடும். சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலங்களோ தரவிலேயே இருக்காது. நேரில் போய் விட்டத்தை அளந்து, எவ்வளவு வண்டல் அடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் போட வேண்டும். தரை நீரோட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் மேனிங் சொரசொரப்பு எண்ணும் அப்படித்தான்: சுத்தமான ஆற்றுக்கு 0.03, புதர் மண்டிய சமவெளிக்கு 0.1 என்று அட்டவணை சொல்லும். எது புதர் என்று கால் வைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் சரிபார்ப்பு. சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். அமைதியான நீர் அதில் கறுப்பாகத் தெரியும். திறந்த வெளிக்கு அருமை, கட்டட நெருக்கத்தில் குழப்பும். அங்கே எனக்கு உதவுவது சுவரில் இருக்கும் பழைய நீர்க்கறை. அந்த வீட்டில் இருப்பவரிடம் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, ராத்திரியா பகலா, எப்போது வடிந்தது என்று கேட்டால், மாடலை உரசிப் பார்க்க அதைவிட நல்ல உரைகல் கிடைக்காது.

வரைபடத்தை வாங்குபவரிடம் பேசும்போது இன்னொரு தொல்லை உண்டு. "100 ஆண்டு வெள்ளம்" என்றதும், போன முறை வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது என்று நினைக்கிறார்கள். எந்த ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் அது. ஒரு வீட்டில் 30 ஆண்டு குடியிருப்பவர் அதை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். நான் இப்போதெல்லாம் இந்த இரண்டாவது எண்ணைத்தான் முதலில் சொல்கிறேன். கூடவே, நீலத்தின் ஓரத்தை ஒரே கோடாகப் போட்டுக் கொடுப்பதில்லை. சொரசொரப்பையும் நீர்வரத்தையும் கூட்டிக் குறைத்து ஓட்டி, எல்லா முறையும் நனையும் பகுதி, சில முறை மட்டும் நனையும் பகுதி என்று பிரித்துக் காட்டுகிறேன். "கோடு எங்கே, அதைச் சொல்லுங்கள்" என்று அலுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கோட்டுக்கு இரண்டு மீட்டர் வெளியே வீடு கட்டப் போகிறவரை நினைத்தால், என்னால் ஒற்றைக் கோடு போட முடியவில்லை.

மீட்புத் திட்டம் போடுபவர்கள் ஆழத்தைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. இந்தச் சாலையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும், ஆம்புலன்ஸ் எதுவரை போகலாம் என்பதே அவர்கள் கேள்வி. ஹெக்-ராஸோடு வரும் வரைபடக் கருவியான ராஸ் மேப்பரில் நீரின் வருகை நேரத்துக்கென்றே ஒரு அடுக்கு உண்டு, 30 செ.மீ. ஆழத்தைத் தொடும் நேரம் என்று வரம்பு வைத்து எடுக்கலாம். அதன் மேல் சாலைகளையும் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டால், எந்தச் சாலை முதலில் துண்டிக்கப்படும் என்று வரிசையாகத் தெரியும். அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் கிடந்த அந்த வரைபடத்தை இப்போது முதல் பக்கத்திலேயே வைக்கிறேன்.