கோட்டைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவே சுற்றிய பாக்கெட்டுகள்

எங்கள் முதுகெலும்பு வலையமைப்பில் ஓடுவது ஓஎஸ்பிஎஃப், அதாவது பாக்கெட் எந்த வழியில் போக வேண்டும் என்று ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசும் மொழி. அதோடு இணைக்க வேண்டி வந்த மற்ற வலையமைப்பில் அதே வேலையைச் செய்யும் இன்னொரு மொழி, ஐஎஸ்-ஐஎஸ். கொழும்பில் கோட்டையில் ஒன்று, வெள்ளவத்தையில் ஒன்று என இரண்டு எல்லை ரவுட்டர்கள் இரண்டையும் பேசும். லேபிள் ஒட்டிப் பாக்கெட்டுகளை அனுப்பும் எம்பிஎல்எஸ் விபிஎன் எல்லை தாண்ட வேண்டும். முதலில் லூப்பேக் முகவரிகளை (ரவுட்டர்களின் சொந்த அடையாள முகவரிகள்) 256 முகவரிகள் அடங்கிய ஒரே /24 ஆகச் சுருக்கி அனுப்பினேன். பிங் போனது, விபிஎன் விழுந்தது. லேபிள்களைப் பகிரும் எல்டிபிக்கு, ஒரே முகவரிக்கு அச்சொட்டாகப் பொருந்தும் /32 ரூட் வேண்டும்.

சரி, /32களையே இரண்டு ரவுட்டரிலும் இரு திசையிலும் ரீடிஸ்ட்ரிபியூட் செய்தேன், அதாவது ஒரு மொழியில் கற்ற ரூட்டை மற்றதில் அறிவித்தேன். கொஞ்ச நேரத்தில், பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட்டில் கோட்டை, வெள்ளவத்தை, கோட்டை, வெள்ளவத்தை... காலி வீதியில் சவாரி தேடும் ஓட்டோ மாதிரி.

நடந்தது இதுதான். ஐஎஸ்-ஐஎஸ் பக்கத்து /32 ஒன்றைக் கோட்டை ஓஎஸ்பிஎஃபுக்குள் விடுகிறது. வெள்ளவத்தைக்கு அதே ரூட் இரண்டு வழியில் வருகிறது. ரவுட்டர் தயாரிக்கும் சிஸ்கோவின் கணக்கில், ரூட்டை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான எண்ணான டிஸ்டன்ஸ் ஐஎஸ்-ஐஎஸ்ஸுக்கு 115, ஓஎஸ்பிஎஃபுக்கு 110. சிறியது வெல்லும், அதாவது சுற்றி வந்த செய்தி நேரே வந்ததை முந்திவிடும். வெள்ளவத்தை அதைப் புது ரூட் என்று நினைத்து, மெட்ரிக் (வழிச் செலவு) 0 போட்டு ஐஎஸ்-ஐஎஸ்ஸுக்கே திருப்பிக் கொடுக்கிறது. கோட்டையும் அந்த மலிவான வழியை நம்பிவிடுகிறது.

கூட வேலை செய்யும் அண்ணா பிளேன்டீயோடு வந்து, “டாக் போட்டனியோ?” என்றார். போடவில்லை. டாக் என்பது ரூட் எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒட்டும் எண். ஐஎஸ்-ஐஎஸ்ஸிலிருந்து வருவதற்கு டாக் 115 இட்டு, திரும்பிப் போகும் ரூட்-மேப்பில் (ரூட்டுகளை வடிகட்டும் விதிப் பட்டியல்) அதைத் தடுத்தேன். எதிர்த்திசைக்கும் அப்படியே ஒரு டாக். அதற்கு ஐஎஸ்-ஐஎஸ் மெட்ரிக்கை அகலமான புது வடிவமான வைட் ஆக்க வேண்டியிருந்தது. பழைய நாரோ முறையில் டாக் ஏறாது.

வளையம் நின்றது. ஆனால் வெள்ளவத்தை ரவுட்டர் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கோட்டை வழியாகவே போனது. டாக் ரீடிஸ்ட்ரிபியூஷனைத்தான் தடுக்கும், எந்த ரூட்டை எடுப்பது என்று தீர்மானிப்பது டிஸ்டன்ஸ். இதை நான் புத்தகத்தில் படித்துத்தான் இருந்தேன்! எல்லை ரவுட்டர்கள் இரண்டிலும் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னலின் (வெளியிலிருந்து உள்ளே விட்ட ரூட்டுகள்) டிஸ்டன்ஸை 120 ஆக்கியதும் நேர்வழி திரும்பியது.

ஒன்று மிச்சம். எல்லை ரவுட்டர்களின் சொந்த ஐஎஸ்-ஐஎஸ் லூப்பேக்குகள் மட்டும் ஓஎஸ்பிஎஃப் பக்கம் தெரியவில்லை. ஐஎஸ்-ஐஎஸ்ஸை ரீடிஸ்ட்ரிபியூட் செய்தால் சிஸ்கோ ரவுட்டரின் மென்பொருளான ஐஓஎஸ் நேரடி இணைப்புகளைச் சேர்க்காது, கனெக்டட் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதையும் ஒரு ரூட்-மேப்போடு சேர்த்துவிட்டுப் படுக்கப் போனபோது முதல் பஸ் ஓடத் தொடங்கியிருந்தது.