பிளேட்லெட் பைக்கு ஐஸ் பெட்டி எதற்கு?

அப்பாவுக்கு டெங்கு. ஐந்தாம் நாள், ரத்தக் கசிவை அடைக்கும் அணுவான பிளேட்லெட் 9,000-க்கு இறங்கிவிட்டது. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்ற மாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்த டாக்டர், ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்ததும் "ஒரு எஸ்.டி.பி. ஏற்பாடு பண்ணுங்க" என்றார். ஒரே ஆளிடமிருந்து மெஷின் வைத்துப் பிரித்தெடுக்கும் பிளேட்லெட். சாதாரணப் பை ஐந்தாறுக்குச் சமம்.

அப்பா இருந்த ஆஸ்பத்திரியில் அந்த மெஷின் இல்லை. மழையில் ஆட்டோ பிடித்து ரத்த வங்கிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். கவுன்டரில் இருந்தவர் நான் கொண்டுபோன படிவத்தையும் அப்பாவின் ரத்த சாம்பிள் ட்யூபையும் மாறி மாறிப் பார்த்தார். படிவத்தில் அப்பாவுக்கு இனிஷியல் இருக்கிறது, ட்யூபில் இல்லை. "புது சாம்பிள் எடுத்துட்டு வாங்க." பேனா தாருங்கள், நானே எழுதிவிடுகிறேன் என்றேன். முறைத்தார். திரும்பிப் போகும் வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். ஆனால் பெயர் மாறி வேறு குரூப் ரத்தம் ஏறினால் உயிருக்கே ஆபத்து; அவர் மேல் தப்பில்லை, வார்டில் ட்யூபில் எழுதியவர் மேல்தான். சாம்பிளைக் கையில் வாங்கும்போதே பெயர், இனிஷியல், டாக்டர் கையெழுத்து எல்லாம் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிடுங்கள். எனக்கு இரண்டரை மணி நேரம் போச்சு.

அப்புறம் கொடையாளர். வாட்ஸ்அப்பில் போட்டதும் நாலு பேர் வந்தார்கள். ஒருவன் முந்தின நாள் தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருக்கிறான். அது பிளேட்லெட்டின் ஒட்டும் குணத்தையே கெடுத்துவிடும், மூன்று நாள் கழிய வேண்டுமாம். இன்னொருவனுக்கு நரம்பு மெலிசு. மூன்றாமவன் ஐம்பது கிலோ இல்லை. வரச் சொல்லும்போதே இதையெல்லாம் கேட்டிருக்கலாம். வெறும் வயிற்றோடு வரக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேறியது பெரியம்மா மகன் மட்டும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை, மலேரியா என்று பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருந்து, மெஷினில் ஒன்றரை மணி நேரம். பிளேட்லெட்டைப் பிடித்துக்கொண்டு சிவப்பணுக்களை அவன் உடம்புக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. நடுவில் "உதடு குறுகுறுங்குது" என்று பயந்தான். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தை இழுப்பதால் வருவது. ஒரு கால்சியம் மாத்திரை, சரியாகிவிட்டது.

பை கைக்கு வந்தபோது ஒரு கணம் ஏமாந்தேன். சிவப்பே இல்லை, வெளிறிய மஞ்சள். பாட்டி ஆபரேஷனுக்கு ரத்தம் கொண்டுபோன ஞாபகத்தில், காசிமேட்டில் மீன் வாங்க எடுத்துப்போகும் பெட்டியைக் கழுவி ஐஸ் நிரப்பி வைத்திருந்தேன். டெக்னீஷியன் அக்கா பார்த்துவிட்டார்.

"அடப்பாவி, ஐஸ்ல வச்சா ஏத்தியும் பிரயோஜனம் இல்ல தம்பி!"

சிவப்பணுவுக்குத்தான் 2 முதல் 6 டிகிரி குளிர். அப்படி வைத்தால் ஒரு மாதத்துக்கு மேலும் தாங்கும். பிளேட்லெட்டுக்கு 20 முதல் 24 டிகிரி. ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைத்தாலும் ஐந்தே நாள்தான் ஆயுள். குளிர்ந்தால் அப்பா உடம்பு அதை உடனே ஒதுக்கித் தள்ளிவிடும். பையை மடியில் வைத்து, லேசாக ஆட்டிக்கொண்டே ஆட்டோவில் வந்தேன்.

மறுநாள் காலை 38,000. ஈறுக் கசிவும் நின்றுவிட்டது. பெரியம்மா, தான் கொடுத்த பப்பாளி இலைச் சாறுதான் காரணம் என்கிறார். ஐஸ் பெட்டி அடுத்த ஞாயிறே வஞ்சிரம் வாங்கப் போனது.