முப்பது வருடம் மூடியிருக்க வேண்டிய மடல்கள்

யாழ்ப்பாணத்தில் சில சட்டத்தரணிகளின் அலுவலகங்களுக்கும் ஒன்றிரண்டு தொண்டு நிறுவனங்களுக்கும் மின்னஞ்சல் சேர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். அண்மைக்காலமாக எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் மடல்கள் எத்தனை வருடத்துக்கு வெளியில் தெரியாமல் இருக்கவேண்டும்?

விலைப்பட்டியல் அனுப்பும் கடைக்காரர் என்றால் சில மாதம் போதும் என்பார். சட்டத்தரணியின் மடற்பெட்டி அப்படியல்ல. புகலிடம் கேட்டவரின் வாக்குமூலம் அதில் இருக்கிறது. இன்னும் ஊரிலேயே வாழும் அண்ணன், அக்காவின் பெயர்களும் அதற்குள் இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்ட மகனைக் கடைசியாக யார் எங்கே கண்டார் என்று ஒரு தாய் சொன்ன விவரம் இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து வந்த அற்றோணித் தத்துவமும் காணி உறுதியின் படமும் இருக்கின்றன. பெயர் சொல்லப்பட்டவர் உயிரோடு இருக்கும்வரை, சிலவேளை அவர் பிள்ளைகளின் காலம்வரைக்கும்கூட, இவை வெளியில் வரக்கூடாது.

அணுத்துகள்களின் இயல்பைக் கொண்டு கணக்கிடும் குவாண்டம் கணினி பற்றிய பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இந்த நீண்ட காலக்கணக்குத்தான். இணையத்தில் போகும் தகவலை மறைக்கும் ஆர்எஸ்ஏ போன்ற பூட்டுகளைப் போதிய பலமுள்ள குவாண்டம் கணினி திறந்துவிடும் என்று கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994இலேயே காட்டிவிட்டார். அப்படியான கணினி இன்றைக்கு இல்லை. ஆனால் தேவைப்படும் அளவு பற்றிய மதிப்பீடு இறங்கிக்கொண்டே வருகிறது. 2048 பிட் ஆர்எஸ்ஏயைத் திறக்க இரண்டு கோடி கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) வேண்டும் என்று 2019இல் கணக்கிட்ட கூகிள் ஆய்வாளர் கிரெய்க் கிட்னி, 2025இல் பத்து இலட்சத்துக்கும் குறைவாகவே போதும் என்றார். கம்பியில் போகும் மடலை இன்று பிரதியெடுத்து வைத்திருப்பவர், திறக்கும் காலம் வரும்வரை காத்திருந்தால் போதும்.

இதை ஒரு மூத்த சட்டத்தரணிக்குச் சொன்னபோது நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. கடிதங்கள் பிரித்துப் பார்க்கப்பட்ட காலத்தைக் கண்டவர். "அப்ப தம்பி, இப்ப பிரிக்க ஏலாட்டிலும் எடுத்து வைச்சிருப்பாங்கள் எண்டு சொல்லுறீர்?" என்று கேட்டார். ஓம் ஐயா, அதுதான் என்றேன். மின்கையொப்பம் என்னாகும் என்று அடுத்துக் கேட்டார். நல்ல கேள்வி. கையொப்பத்தைப் போலியாகப் போட அந்தக் கணினி கையில் இருக்கவேண்டும்; ஆகவே அதை மாற்றச் சற்று அவகாசம் உண்டு. இரகசியத்துக்கு அந்த அவகாசம் கிடையாது.

வேலை என்று இறங்கினால் குவாண்டத்துக்கு முன்னாலேயே செய்யவேண்டியது நிறைய. மறுபக்க சேர்வர் மறைகுறியாக்கம் (மடலைப் பூட்டி அனுப்பும் முறை) தெரியாது என்று சொன்னால், மடலை அப்படியே வெளிப்படையாக அனுப்பிவிடும் அமைப்புத்தான் பல இடங்களில் இன்னும் ஓடுகிறது. இன்றைக்கே திறந்து கிடக்கும் கதவை விட்டுவிட்டு நாளைய திருடனுக்குப் பூட்டு வாங்குவதில் பயனில்லை. முதலில் அதை அடைத்தோம்.

அப்புறம்தான் புதிய பூட்டு. குவாண்டம் கணினிக்கும் தாங்கும் பூட்டுகளுக்காக அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2016இல் தொடங்கிய தேர்வின் பயனாக, 2024 ஆகஸ்டில் எம்எல்-கெம் என்ற பூட்டு தரமாக வெளிவந்தது. அதை ஆதரிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5 என்ற மறைகுறியாக்க மென்பொருள், டெபியன் 13 என்ற இயங்குதளத்துடனேயே வருகிறது. சேர்வர்களை அதற்கு மாற்றி, மடல் அனுப்பும் போஸ்ட்பிக்ஸ் மென்பொருளின் அமைப்பையும் திருத்தினேன். எங்கள் இரண்டு சேர்வர்களுக்கு இடையே போன மடலின் பதிவில், எக்ஸ்25519 என்ற பழைய பூட்டின் பெயர் மட்டும் இருந்த இடத்தில் எக்ஸ்25519எம்எல்கெம்768 என்று வந்திருந்தது. பழைய பூட்டும் புதியதும் சேர்ந்தே பூட்டுகின்றன. இந்த இரட்டைப் பூட்டை நான் விடமாட்டேன். அதே தேர்வில் நான்காம் சுற்றுவரை வந்த சைக் என்ற முறையை 2022இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இருவர் சாதாரணக் கணினியில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார்கள். புதியது என்பதாலேயே நம்பிவிட முடியாது.

கிளிநொச்சிக் கிளையில்தான் சிக்கல் வந்தது. மடல்கள் வரிசையில் நின்றன, ஆனால் பிழைச்செய்தி எதுவும் இல்லை. பழைய திறவுகோல் 32 பைட். புதியதோ 1184 பைட். இணைப்பின் முதல் செய்தி ஒரே தரவுப் பொதிக்குள் அடங்காமல் இரண்டாகப் பிரிந்து போனது. அங்கிருந்த பழைய பாதுகாப்புக் கருவி முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு இணைப்பைக் கைவிட்டிருக்கிறது. கருவியின் மென்பொருளைப் புதுப்பித்ததும் சரியாகிவிட்டது. மாறப்போகிறவர்கள் வலையமைப்பில் உள்ள பழைய பெட்டிகளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் வழியில் போகும் மடலுக்கான காவல்தான்; சேர்வரில் இறங்கியதும் அது வாசிக்கக்கூடிய மடலே. புகலிட வாக்குமூலங்களுக்காக ஓர் அலுவலகம் டுட்டா என்ற மின்னஞ்சல் சேவைக்கு மாறியது. 2024 மார்ச்சிலிருந்து அங்கே இரட்டைப் பூட்டோடு முனைக்கு முனை (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே வாசிக்கக்கூடிய) மறைகுறியாக்கம் உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் அந்தச் சேவையில் இருந்தால்தான் முழுப் பயன். லண்டனில் இருக்கும் கட்சிக்காரரைப் புதுக் கணக்குத் திறக்கவைப்பது சேர்வர் மாற்றுவதைவிடப் பெரிய பாடு.

ஏற்கெனவே பழைய பூட்டோடு போய்விட்ட மடல்களுக்கு எந்தப் புதுப்பித்தலும் உதவாது. சேர்வரில் கிடக்கும் பிரதிகளையாவது குறைக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற கொள்கையையே சொல்கிறது. முடிந்த வழக்குகளின் மடல்களை ஏஇஎஸ்-256 என்ற மறைகுறியாக்க முறை கொண்டு பூட்டிய தட்டுக்கு மாற்றி இணையத்திலிருந்து எடுத்துவிட்டோம். அந்தப் பூட்டைக் குவாண்டம் கணினியாலும் இலகுவில் திறக்க முடியாது. சாட்சிகளின் பெயர்களை இனி மின்னஞ்சலில் எழுதுவதில்லை என்று இரண்டு அலுவலகங்கள் முடிவெடுத்திருக்கின்றன. மற்ற அலுவலகங்களோடு அதைப் பற்றித்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்.