எழும்பூர் கிர்க்கின் கிணறுகள்

மண் பரிசோதனைத் தொழிலில் இருப்பவனுக்குக் கட்டடம் என்றால் தரைக்குக் கீழே இருப்பதுதான். மேலே எழுவதெல்லாம் ஆர்க்கிடெக்ட் சமாசாரம். அதைப் படம் எடுப்பார்கள், பரிசு கொடுப்பார்கள். நாங்கள் துளை போட்டு, மண்ணை எடுத்து, லேபில் நசுக்கிப் பார்த்து, ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த சைட்டுக்குப் போய்விட வேண்டியது. அந்தக் குறையோ என்னவோ, சென்னையின் பழைய கட்டடங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க். ஸ்காட்லாந்துக்காரர்கள் தேவாலயத்தைக் கிர்க் என்பார்கள். வேலைக்குப் புதிதாகச் சேரும் பையன்களை ஒருமுறையாவது அங்கே கூட்டிப் போய்விடுவேன்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அந்த வெள்ளைக் கோபுரத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. 166 அடிக்கு மேல் உயரம். ஆங்கிலத் திருச்சபைக்காரர்களுக்குக் கோட்டைக்குள் 1680லேயே செயின்ட் மேரீஸ் ஆலயம் வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியில் ஏராளமாக இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்குத்தான் சொந்தமாக ஒன்று இல்லை. 1813 சாசனச் சட்டத்துக்குப் பிறகு அவர்களுக்கும் போதகர் வந்தார். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று இடங்களிலும் ஸ்காட்லாந்தின் புனிதரான ஆண்ட்ரூ பெயரிலேயே ஆலயம் எழுப்பினார்கள். இங்கே 1818 ஏப்ரலில் அடிக்கல் நாட்டி, 1821 பிப்ரவரியில் திறந்துவிட்டார்கள். மூன்று வருஷத்துக்குள் இப்படி ஒரு கட்டடம்! நம் ஊர் மேம்பாலங்களை நினைத்துக்கொண்டேன்.

கட்டியவர்கள் இரண்டு ராணுவப் பொறியாளர்கள். மூத்தவர் கால்டுவெல். இடையன்குடி கால்டுவெல் இல்லை, இவர் வேறு. வேலையை முன்னின்று முடித்தவர் தாமஸ் ஃபியாட் டி ஹாவிலண்ட். முகப்பும் கோபுரமும் லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் சாயல். உள்ளே போனால் கதை வேறு. செயின்ட் மார்ட்டின் நீள்சதுரம், இது வட்டம். லண்டன் ஆலயத்துக்காக ஜேம்ஸ் கிப்ஸ் முதலில் போட்டு, செலவு அதிகம் என்று கைவிடப்பட்ட வட்ட வடிவம் சென்னையில் எழுந்தது. 81 அடிக்கு மேல் விட்டம், சுற்றி 16 கொரிந்தியத் தூண்கள், அவற்றின் மேல் குவிமாடம். பிரசங்கமே பிரதானமான பிரஸ்பிட்டேரியன் சபைக்கு, அதாவது ஸ்காட்லாந்துக்காரர்களின் திருச்சபைக்கு, எல்லோரும் போதகரைச் சுற்றி உட்காரும் இந்த அமைப்பு பொருத்தமானதுதான்.

பையன்கள் எல்லோரும் உள்ளே வந்ததும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். குவிமாடத்தின் உட்புறம் ஆழ்ந்த நீலம், அதில் பொன் நட்சத்திரங்கள். தூண்களில் பூசியிருக்கும் மெட்ராஸ் சுண்ணாம்பைத் தொட்டால் சலவைக்கல் மாதிரி வழுவழுவென்று குளிரும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நாள்கணக்கில் அரைத்துத் தேய்த்த வேலை அது. கூரைக்கு மரத்தை நம்பவில்லை, கரையான் தின்றுவிடும் என்று. அத்தனையும் செங்கல் வேலை, அதனால் எடையும் அதிகம்.

"தம்பி, இத்தனை எடையும் எதன் மேல நிக்குது?"

"பைல் சார்."

"1818ல ஏதுப்பா பைலிங் ரிக்?"

பைல் என்றால் மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண், ரிக் அதற்குத் துளை போடும் இயந்திரம். விஷயம் அங்கேதான் இருக்கிறது. கூவம் அதிக தூரமில்லாத அந்த இடத்தில் மேல் மண் நம்பத்தக்கதில்லை. போதாததற்கு, ஒரு பக்கம் 166 அடிக் கோபுரம், அதை ஒட்டியே தாழ்வான வட்ட மண்டபம். கோபுரம் கொஞ்சம் அதிகமாக இறங்கினால் போதும், இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விழுந்துவிடும். டி ஹாவிலண்ட் இந்த நாட்டுக் கிணறு வெட்டுகிறவர்களின் முறையைக் கையில் எடுத்தார். உறைக்கிணறு இறக்குவது போலத்தான். உறையைத் தரையில் வைத்து, உள்ளே ஆள் இறங்கி மண்ணைத் தோண்டத் தோண்ட, உறை தன் எடையிலேயே கீழே இறங்கும். மேலே அடுத்த உறையை வைக்க வேண்டும். கெட்டி மண் தட்டியதும் உள்ளே நிரப்பி, மேலே கட்டுமானத்தை எழுப்ப வேண்டும். கிர்க்குக்கு அடியில் இப்படிச் சுமார் 150 கிணறுகள்.

எங்கள் தொழில்காரனை உட்கார வைக்கும் தகவல் அந்தக் கிணறுகளின் ஆழம். சில 14 அடி. சில 50 அடி. ஒரே கட்டடத்துக்குள்! கெட்டி மண் அந்த இடத்தில் சமமாக இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது? தோண்டினதால் தெரிந்தது. ஒவ்வொரு கிணறும் அஸ்திவாரம் மட்டுமல்ல, ஒரு மண் பரிசோதனையும்கூட. 150 இடத்தில் ஆளை இறக்கி, மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்த பரிசோதனை. நாங்கள் செய்வது என்ன? 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ விட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுகிறோம். அதுவும் ஒரு மனைக்கு நாலைந்து துளை. நடுவில் இருப்பதை இரண்டு துளைகளுக்கு இடையே கோடு இழுத்து ஊகித்துக்கொள்கிறோம். 14க்கும் 50க்கும் நடுவே இழுக்கும் கோடு எவ்வளவு பெரிய பொய்யாக இருக்கக்கூடும் என்று யோசித்துப் பாருங்கள்.

டி ஹாவிலண்டைப் பெரிய மேதை என்பார்கள். சரி, மேதைதான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சுமார் நூறு அடி அகலத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் ஒரு செங்கல் வளைவு கட்டிக் காட்டியவர். அது 1937ல்தான் விழுந்தது. ஆனால் கிர்க்கைப் பொறுத்தவரை நான் அவரைப் பாராட்டுவது வேறொன்றுக்கு. பிளானை லண்டனிலிருந்து எடுத்தவர் அஸ்திவாரத்தை லண்டனிலிருந்து எடுக்கவில்லை. சேற்று நீரில் மூச்சுப் பிடித்து மண்ணை அள்ளத் தெரிந்தவர்கள் இங்கேயே இருந்தார்கள், அவர்களை நம்பினார். அவர் பெயரும் கால்டுவெல் பெயரும் நிற்கின்றன. 50 அடி ஆழத்துக்கு இறங்கினவன் பெயர் எங்கே போய்த் தேட? என் ரிக்கில் வேலை செய்கிறவர்கள் பெயரையும் ரிப்போர்ட்டில் போடும் வழக்கம் இல்லைதான்.

2018ல் எழும்பூரில் மெட்ரோ நிலையம் திறந்தார்கள், பூமிக்கடியில். சுரங்கம் போகும் பாதையில் பழைய கட்டடம் எதுவாக இருந்தாலும் சாய்வு மானி ஒட்டி மில்லிமீட்டர் கணக்கில் கண்காணிப்பது எங்கள் துறையில் வழக்கம். அப்போதெல்லாம் என் கவலை முகப்புத் தூண்களைப் பற்றி இருக்காது. கீழே எந்தக் கிணறு 14, எந்தக் கிணறு 50 என்பதில்தான் மனசு நிற்கும்.

புறநகரில் ஒரு கட்டுநர், பெயர் வேண்டாம், நான்கு மாடிக்கு இரண்டு துளை போதும் என்று பிடிவாதமாக நின்றார். "பக்கத்து மனையில பார்த்தாச்சு சார், அதே மண்ணுதான்." அவருக்குக் கிர்க் கதையை முழுசாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், நட்சத்திரம் போட்ட கூரையைப் பற்றி இரண்டு கேள்வியும் கேட்டார். அப்புறம் மூன்றாவது துளைக்கு ஒப்புக்கொண்டு, என் கொட்டேஷனில் பத்து சதவீதத்தைக் குறைக்கச் சொன்னார்.