கல்லீரலின் ஏஎல்ஆர் புரதம்: தேர்வுக்கு எப்படிப் படிப்பது

கல்லீரல் மீளுருவாக்கப் பாடத்தில் ஹெச்ஜிஎஃப், ஐஎல்-6 என்ற சமிக்ஞைப் புரதங்கள் இரண்டையும் மாணவர்கள் நன்றாகவே படிக்கிறார்கள். ஏஎல்ஆர் (augmenter of liver regeneration, கல்லீரல் மீளுருவாக்கத்தைக் கூட்டும் புரதம்) வந்தால் "கல்லீரல் வளர்ச்சியைத் தூண்டும் காரணி" என்று ஒரு வரி எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆய்வு உதவித்தொகைக்கும் விரிவுரையாளர் பணிக்கும் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தாளின் சி பகுதிக்கு அந்த ஒரு வரி உதவாது. அங்கே 75 கேள்விகளில் 25-க்கு விடையளிக்க வேண்டும், சரியானால் 4 மதிப்பெண். பெரும்பாலும் ஒரு சோதனையின் விவரத்தைக் கொடுத்து, அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட கேள்விக்குப் பழக ஏஎல்ஆர் அருமையான புரதம்.

கல்லீரலை இப்போதைக்கு விட்டுவிட்டு ஈஸ்டிலிருந்து தொடங்குங்கள். 1992-இல் லிசோவ்ஸ்கி விவரித்த எர்வ்1 மரபணுவை நீக்கினால் ஈஸ்ட் பிழைக்காது. சுவாசம், செல் பெருக்கம் இரண்டுக்கும் அது தேவை. அதன் விலங்கு இணைதான் ஏஎல்ஆர். கார்பாக்சில் முனையில் உள்ள சுமார் 100 அமினோ அமிலங்கள்தான் பரிணாமத்தில் பெரிதும் மாறாமல் வந்த பகுதி, அமினோ முனை இனத்துக்கு இனம் வேறுபடும்.

அடுத்தது வேதியியல். மைட்டோகாண்ட்ரியாவின் இரு சவ்வுகளுக்கும் நடுவிலுள்ள சவ்விடைவெளிக்குள் நுழையும் சிறு புரதங்களில் மியா40 என்ற புரதம் டைசல்ஃபைடு பிணைப்பை (இரு சிஸ்டைன்களின் கந்தக அணுக்களை இணைப்பது) உண்டாக்குகிறது. அப்போது மியா40 பெறும் எலக்ட்ரான்களை ஏஎல்ஆர் வாங்கி, தன்னிடமுள்ள எஃப்ஏடி என்ற துணைக்காரணி வழியாக, எலக்ட்ரான் கடத்தும் புரதமான சைட்டோகுரோம் சி-க்குக் கொடுக்கிறது. நேரடியாக ஆக்சிஜனுக்குக் கொடுத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். இந்தப் பாதையை அம்புக்குறி போட்டு நீங்களே வரைந்து பாருங்கள். எலக்ட்ரான் போகும் திசையைத் தலைகீழாகப் போடுவதுதான் இங்கே அதிகம் நேரும் பிழை.

மனிதரில் ஏஎல்ஆருக்கு இரு வடிவங்கள் உண்டு. நீளமானதில் 205 அமினோ அமிலங்கள், சுமார் 23 கிலோடால்டன். குட்டையானதில் 125, சுமார் 15 கிலோடால்டன். குட்டை வடிவத்தில் இல்லாத முதல் 80-இல்தான் மியா40-இடமிருந்து எலக்ட்ரானை வாங்கும் சிஸ்டைன் இணை இருக்கிறது, ஆகவே அது மைட்டோகாண்ட்ரியாவில் அந்த வேலையைச் செய்ய முடியாது. வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) படம் கொடுத்தால், மாதிரியில் டைசல்ஃபைடை உடைக்கும் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் சேர்த்தார்களா என்று முதலில் பாருங்கள். சேர்க்காவிட்டால் டைசல்ஃபைடால் இணைந்த இரட்டைப் புரதமாக, ஏறக்குறைய இருமடங்கு எடையில் பட்டை தெரியும். அதை மூன்றாவது வடிவம் என்று எண்ணி விடையைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு.

எலிச் சோதனையில் கவனிக்க வேண்டியது வெட்டின் அளவு. ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் 1931-இல் வகுத்த முறையில் கல்லீரலின் மூன்றில் இரண்டு பங்கு அகற்றப்படும். லாபிரெக், பெஷ் 1975-இல், பின்னாளில் ஏஎல்ஆருக்கு இட்டுச்சென்ற கல்லீரல் சாற்றின் தூண்டும் திறனைச் சோதித்தபோது அகற்றியது 34% மட்டுமே. முழு அளவுக்கு வெட்டினால் டிஎன்ஏ உருவாக்கம் தானாகவே உச்சத்துக்குப் போய்விடும், சாறு கூட்டியது எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. வெட்டே படாத கல்லீரலில் இந்தச் சாறு பெருக்கத்தைத் தொடங்கிவைப்பதில்லை, தொடங்கிய பெருக்கத்தைக் கூட்டுகிறது. "தொடங்கும்", "கூட்டும்" என இரண்டு விடைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இந்த வேறுபாடு கைகொடுக்கும்.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்க வேண்டியது 2012-இல் வெளியான வரிக்குதிரை மீன் சோதனைக்கு. மரபணுவின் வெளிப்பாட்டைத் தடுக்கும் மார்ஃபோலினோவால் ஏஎல்ஆரைக் குறைத்தபோது கருமீனின் கல்லீரல் சிறுத்தது. செல்கள் கூடுதலாகச் சாகவில்லை, பெருக்கம்தான் குறைந்தது. பிறகு இயல்பான ஏஎல்ஆரைச் செலுத்தியதும் வளர்ச்சி மீண்டது. 131-ஆம் சிஸ்டைனை செரீனாக மாற்றி நொதித்திறனை (மேலே சொன்ன எலக்ட்ரான் கடத்தும் வேலையை) அழித்த வடிவமும் மீட்டது, ஆனால் குறைவாக. ஆக, வளர்ச்சிக்கு நொதித்திறன் முற்றிலும் இன்றியமையாதது என்றும் எழுத முடியாது, தேவையே இல்லை என்றும் எழுத முடியாது. நொதி வேலையைச் சாராத ஒரு பங்கும் இருக்கிறது என்பதே தரவு தாங்கும் முடிவு. "மட்டுமே", "முற்றிலும்" என்று முடியும் விடைகளை இங்கே தயங்காமல் அடித்துவிடலாம்.

எலியின் கருத் தண்டுச் செல்களில் ஏஎல்ஆரைக் குறைத்தால் டிஆர்பி1 என்ற பிளவுப் புரதத்தின் வழியாக மைட்டோகாண்ட்ரியா துண்டுதுண்டாகி, பன்முகத் திறன் (பல வகைச் செல்களாக மாறும் திறன்) குறைகிறது. கல்லீரலில் மட்டும் இந்த மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகளுக்கு இரண்டு வாரத்திலேயே கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது.

மனித நோயைப் பற்றிக் கேட்டால் கல்லீரலைத் தேடிப் போகாதீர்கள். ஏஎல்ஆரின் 194-ஆம் ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறியதை 2009-இல் விவரித்தபோது, அந்தக் குழந்தைகளிடம் காணப்பட்டவை பிறவிக் கண்புரை, தசைத் தளர்ச்சி, கேட்புத்திறன் இழப்பு, வளர்ச்சித் தாமதம். மைட்டோகாண்ட்ரியா பாதையை முதலில் வரைந்து படித்தவருக்கு இதன் காரணம் உடனே பிடிபடும்: ஆற்றலை அதிகம் செலவிடும் திசுக்கள்தான் முதலில் அடிபடும். ஆய்விதழ்களில் தேடும்போது ஜிஎஃப்இஆர் என்ற மரபணுப் பெயரைப் பயன்படுத்துங்கள். ஏஎல்ஆர் என்று தேடினால் ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற வேறொரு நொதி பற்றிய கட்டுரைகளும் கலந்து வரும்.